கண்புரையும் காதற்கதைகளும்

சென்ற ஆவணி மாதத்தில் என் இல்லாளுக்கு வலக்கண்ணில் புரை நீக்கும் சிகிச்சை நடந்து, கறுப்புக் கண்ணாடியும் வேளைக்கு வேளை சொட்டுமருந்துமாகக் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் அவள் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபோது, நாற்பது ஆண்டுகளாக நான் வாய் ஓயாமல் பரிகாசம் செய்து வந்த ஒரு வகைப் புத்தகங்களை அதே வாயால் நானே உரக்கப் படித்துக் காட்டும் நிர்ப்பந்தம் நேரும் என்று கனவிலும் கருதினேனில்லை. கண்ணுக்குச் சில வாரம் சிரமம் கொடுக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர் சொன்னார். அதற்குப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று அவள் பாஷ்யம் செய்துகொண்டது பயத்தினாலா, அல்லது என்னை வேலை வாங்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை நழுவவிடக் கூடாது என்னும் ராஜதந்திரத்தினாலா என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.

"ஏங்க, சும்மாதானே உக்காந்திருக்கீங்க? அந்த ரமணிசந்திரனை எடுத்து நாலு பக்கம் படிங்களேன்."

எடுத்தேன். லெண்டிங் லைப்ரரி முத்திரை மூன்று இடத்தில் குத்தப்பட்டு, பல கை பட்டு முனை மழுங்கிப் போயிருந்த புத்தகம் அது. கண்ணால் படிப்பவன் தனக்கு வேண்டாத பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். வாயால் படிப்பவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கதாநாயகனின் உயரத்தையும், அவனுடைய கூரிய பார்வையையும், அப்பார்வை பட்ட மாத்திரத்தில் நாயகியின் கன்னம் சிவந்த விதத்தையும் அறுபத்தைந்து வயதுக் கரகரப்புக் குரலில் நான் வாசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பால்காரர் வாசலில் வந்து நிற்க, சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்ட என்னிடம், "எதுக்கு வெக்கப்படுறீங்க? நீங்களா எழுதினீங்க?" என்று கேட்டாள். நான்காம் நாள் இரவு, அவள் உறங்கிய பிறகு, மறுநாள் படிக்க வேண்டிய அத்தியாயத்தை நான் முன்கூட்டியே திருட்டுத்தனமாகப் படித்து முடித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, இரண்டு தலைமுறைப் பெண்களின் பிற்பகல்களைத் தம்வசப்படுத்தி வைத்திருக்கும் ரமணிசந்திரனைப் பற்றி என் அபிப்பிராயம் அந்த வாரத்தில் பெரிதும் மாறியது. அவருடைய நாயகிகள், கையில் காசில்லாவிட்டாலும் ரோஷத்தில் குறைவுபடாதவர்கள். செல்வச் செருக்குள்ள ஆண்மகனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பதில் சொல்லத் தெரிந்தவர்கள். அந்தப் பதில்களைப் படிக்கையில் நாற்காலியிலிருந்து கறுப்புக் கண்ணாடி என் பக்கமாகத் திரும்புவதை நான் கவனிக்காமலில்லை. என் ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான்: இருநூறு பக்கங்களுக்கு அந்த ஆண்மகன் செய்த அவமரியாதைகளையெல்லாம் கடைசிப் பத்துப் பக்கங்களில், 'எல்லாம் உன்மேல் கொண்ட காதலால்தான்' என்னும் ஒரே சமாதானத்துக்காக மன்னித்துவிடுவது மிகவும் மலிவான பேரம் என்று எனக்குத் தோன்றியது. கதை ஒவ்வொன்றும் மாலை விழுந்ததும் திரையை இறக்கிவிடுகிறதே என்றும் குறைபட்டுக்கொண்டேன். அதற்கு அவள் சொன்ன மறுமொழியை எந்த விமரிசகரும் எழுதக் கண்டதில்லை.

"கல்யாணத்தோட முடிச்சிடறதுதான் நல்லது. அதுக்கப்புறம் நடக்குறது நமக்குத் தெரியாதா?"

கண் ஓரளவு தெளிந்ததும், வேண்டுதல் ஒன்றை முன்னிட்டு ஒரு சனிக்கிழமை காலையில் திருப்பாப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும் அந்தப் பாசஞ்சர் வண்டியில் படித்துக் காட்டுவதற்கென்று நான் கையோடு எடுத்துக்கொண்டது மாணிக்கவாசகரின் திருக்கோவையார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவனாயிருந்த நாளில் பரீட்சைக்காக உருப்போட்ட பிரதி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் எங்கள் ஊரைச் சூறையாடியபோது அலமாரியோடு நனைந்து, வெயிலில் உலர்ந்து, அப்பளம் போல் அலையலையாகிப் போன பிரதியும் அதுவே. காதற்கதை கேட்டுப் பழகிய காதுக்கு இதையும்தான் கொடுத்துப் பார்ப்போமே என்ற குறும்பு ஒருபுறம். 'இது இலக்கியம், அது பொழுதுபோக்கு' என்று நிலைநாட்டிவிடலாம் என்னும் அகந்தை மறுபுறம்.

வண்டி பரங்கிப்பேட்டையைத் தாண்டுவதற்குள் அந்த அகந்தை அடங்கிவிட்டது. நானூறு பாட்டு, இருபத்தைந்து அதிகாரம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்கூட்டியே வகுத்து வைத்த ஒரு துறை. சோலையில் ஒருவனும் ஒருத்தியும் காண்பார்கள், பாங்கன் இடித்துரைப்பான், தோழி ஒன்றும் அறியாதவள் போல் நடிப்பாள், சேட்படை என்னும் அதிகாரத்தில், அவன் ஆசையோடு கொண்டு வந்த சந்தனத் தழையை, இது எங்கள் மலையில் இல்லாத தழையாயிற்றே, ஏது என்று ஊரார் கேட்டால் என்ன சொல்வது என்று தட்டிக் கழிப்பாள், பனைமடலால் குதிரை செய்து அவள் உருவப்படத்தோடு தெருவில் ஏறிவிடுவேன் என்று அவன் மிரட்டுவான். இனி என்ன நடக்கும் என்பது புலவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். தெரிந்த திருப்பத்தை இந்தத் தடவை எப்படித் திருப்புகிறார் என்று பார்ப்பதில்தான் ரசனையே இருக்கிறது. இதைத்தானே வாடகைப் புத்தகத்தின் குற்றமென்று நான் நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தேன்? கோவையின் காதலனுக்குப் பெயர்கூடக் கிடையாது. கிளவித்தலைவன் என்று ஒரு பொதுப் பட்டம் சூட்டி அவனை விட்டுவிட்டு, பெயரும் புகழும் எல்லாவற்றையும் பாட்டுடைத் தலைவனாகிய தில்லைக் கூத்தனுக்கே சாத்திவிடுகிறார் மாணிக்கவாசகர்.

"அந்தத் தோழி கெட்டிக்காரி. நம்ம கதையில இப்படி ஒருத்தியைக் காணோமே, எல்லாம் அந்தப் பொண்ணே பேசித் தீர்த்துக்க வேண்டியிருக்கு" என்றாள் ஜன்னலோரத்திலிருந்து. எனக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உரிய விஷயத்தை இவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மணஞ்சிறப்புரைத்தல் என்பது கோவையில் பத்தொன்பதாவது அதிகாரம். அதற்குப் பின்னும் ஆறு அதிகாரங்கள் இருக்கின்றன, ஆறும் பிரிவு. கல்விக்காக, காவலுக்காக, பகை தணிப்பதற்காக, வேந்தனுக்குத் துணையாக, பொருளுக்காக என்று ஒவ்வொரு காரணத்தை முன்னிட்டுப் பிரிகிறவன், கடைசியில் பரத்தையின் பொருட்டும் பிரிந்து, வெட்கம் கெட்டு வாயிலில் வந்து நிற்கிறான். ஊடலும் சமாதானமுமாக நூல் முடிகிறது. இவையனைத்தையும் ஆன்மாவுக்கும் இறைவனுக்கும் உள்ள உறவாகக் கொண்டு பேரின்பப் பொருள் உரைப்பாரும் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என்றாலும், அந்த மாடிக்கு ஏறுவதற்கு முன் கீழ்வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்து போகலாமே என்பது என் கட்சி. திருமணத்துக்குப் பின் நடப்பதைச் சொல்ல ஒரு துறவி கூசவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியபோது, "அவருக்கென்ன, குடும்பமா குட்டியா, தைரியமா எழுதிட்டாரு" என்று ஒரே வார்த்தையில் அடித்துவிட்டாள்.

அந்தணர் வடிவில் வந்த இறைவன் இந்நூலைத் தம் கையாலேயே எழுதிக்கொண்டு, கையொப்பமும் இட்டு, பொன்னம்பலத்துப் பஞ்சாக்ஷரப் படியில் வைத்துவிட்டு மறைந்தார் என்பது ஐதிகம். சந்நிதியில் தீபாராதனை ஆகிக்கொண்டிருந்த வேளையில் அவள் என் காதருகே குனிந்து, எந்தப் படியில் வைத்தார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

சிதம்பரம் என்றால் எனக்கு மௌனியையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பிற்காலத்தில் இவ்வூரில் குடியேறி, 1985-ல் இங்கேயே காலமான அவர் எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகள்தான். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார் புதுமைப்பித்தன். 'அழியாச்சுட'ரில், கோயிலுக்குள் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து போகும் வாலிபன், அவளுக்காக எதையும் செய்யக் காத்திருப்பதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறான்; தூணிலிருக்கும் கல் யாளி வெகுண்டு பார்க்கிறது; ஒன்பது வருஷம் கழித்து அந்த வார்த்தை திரும்பி வந்து அவனைப் பிடித்துக்கொள்கிறது. லாட்ஜ் அறையில், பகல் தூக்கத்துக்கு முன் இதைப் படித்துக் காட்டினேன். பாதியில் உறங்கிவிட்டாள் என்று நினைத்துப் புத்தகத்தை மூடியபோது, "அந்த யாளி என்ன செஞ்சுது?" என்று குரல் வந்தது, முடிவு வரை படித்தேன். "இவரு எதையும் நேராச் சொல்ல மாட்டாரு போல" என்பது தீர்ப்பு. சாயங்காலம் கோயிலுக்கு மறுபடியும் போனபோது தூணுக்குத் தூண் நின்று யாளிகளை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தவளும் அவளே.

(காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கடம்பூரைச் சேர்ந்த மணிமேகலையைக் கல்கி கடைசியில் சாகவிட்டது பற்றி அவளுக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. 'பொன்னியின் செல்வன்' தொடங்குகிற வீராணத்து ஏரிக்கரைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, அந்தக் கோபத்தினாலேயே வர மறுத்துவிட்டாள்.)

திரும்பி வந்ததும் வீட்டுக்கு அருகிலேயே இருந்த புதையலைத் தோண்டினோம். கெடிலத்துக்குத் தென்கரையில் திருப்பாதிரிப்புலியூரில் 1906 ஏப்ரல் 25-ல் பிறந்தவர் சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன். வடகரையில் எங்கள் மஞ்சக்குப்பத்தில் 1934 ஏப்ரல் 24-ல் பிறந்தவர் ஜெயகாந்தன். ஒருவரைத் தாமிரபரணியும் மற்றவரைச் சென்னையும் தத்தெடுத்துக்கொண்டன என்றாலும், தொட்டில் ஆடியது இங்கேதான் என்னும் பாத்தியதையை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. இருவரையும் காதல் எழுத்தாளர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொன்னதில்லை, இந்தப் புரட்டாசி வரையில்.

1943-ல் வெளிவந்த 'செல்லம்மா'ளை அவளுக்குப் படித்துக் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பட்டணத்தில் ஜவுளிக் கடைச் சிப்பந்தியாகக் காலம் தள்ளும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி இறந்துபோனாள் என்பதிலேயே கதை ஆரம்பமாகிறது. பிறகுதான் பின்னோக்கிச் சென்று, அவளுடைய கடைசி நாட்களைச் சொல்கிறது. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும், கால் பிடித்துவிடுவதும், பொங்கலுக்கென்று கடையிலிருந்து புடவைகளைக் கொண்டு வந்து அவள் பார்வைக்கு விரிப்பதும்தான் அந்த மனிதரின் காதல் வசனம். பிரியம் என்ற சொல்லை அவர் உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை. ஊரிலிருக்கும் மனைவிக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாகியிருக்கின்றன. பணம் வரவில்லை, வந்ததும் அனுப்புகிறேன், மனத்தைத் தளரவிடாதே என்று வருஷக்கணக்காக ஒரே பல்லவியை எழுதிய அந்தக் கை, 1948-ல் க்ஷயரோகத்தில் ஓய்ந்துபோனது என்பதை அறிந்துகொண்டு அவற்றைப் படிப்பது சுலபமான காரியமல்ல. பொருள்வயிற் பிரிவு என்று கோவை சொன்னது இதைத்தான். மணியார்டர் பாரம் மட்டும் புதிது.

ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' இதற்கு நேர் எதிரான சுபாவம் உடையது. அங்கே நாடக நடிகை கல்யாணியும் விமரிசகன் ரங்கனும் பேசிப் பேசியே காதலித்து, பேசிப் பேசியே பிரிகிறார்கள். விவாகரத்துக் கேட்டுப் போனால், ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லாத இவர்களைப் பிரித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்கிறார் வக்கீல். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள் என்பது என் கருத்து. ஆசிரியரே இடையிடையே நுழைந்து பேசுகிறாரோ என்ற சந்தேகமும் உண்டு. ஆனால் கல்யாணிக்குக் கால்கள் முடங்கிப்போய், ரங்கன் திரும்பி வந்து அவளைத் தூக்கிச் சுமக்கும் கட்டத்தில் பேச்சு அடங்கிவிடுகிறது. ஆற்றின் இந்தக் கரையில் பிறந்தவரும் அந்தக் கரையில் பிறந்தவரும், இருபத்தெட்டு வருஷ இடைவெளியில், தம் காதலர்களை நோய்ப் படுக்கையருகே கொண்டு வந்துதான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

'செல்லம்மா'ளை ஒரு மழைநாள் மாலையில் படித்தேன். கடைசிப் பக்கங்கள் நெருங்கியபோது, தொண்டை கட்டிவிட்டது, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"அவ செத்துப்போறதை முதல்லயே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன? படிங்க" என்றாள். படித்தேன். முடிந்த பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. மணியைக் கேட்டாள், ஏழு என்றேன், சொட்டுமருந்துக்கு நேரமாயிற்று என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து காத்திருந்தாள்.

இடக்கண்ணுக்குத் தை மாதத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். இதற்குள்ளாகவே லெண்டிங் லைப்ரரியிலிருந்து ஏழு புத்தகங்களை எடுத்து வந்து மேசைமேல் அடுக்கி வைத்திருக்கிறாள். ஆறு ரமணிசந்திரன், ஏழாவது எது என்று பார்க்க நான் கையை நீட்டியபோது, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டாள்.