சர்வர் வாங்கிய மோட்டார் சைக்கிள்!

பைக் வேணும்னு அப்பாகிட்ட மல்லுக்கட்டுற ஆளா நீங்க? அப்போ கோவை ஜி.டி.நாயுடுவைத் தெரிஞ்சுக்கோங்க. கிராமத்துல ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போன பையன், கோவைக்கு வந்து ஹோட்டல் சர்வரா வேலை செஞ்சு, காசு சேர்த்து ஒரு வண்டியை வாங்கினார். வாங்கினதும் ஊர் சுத்தினாரா? அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் போட்டு, திரும்ப மாட்டினார்!

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சி டு பழனி. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. 1974-ல் மறைந்தார்.

அப்பாவோட மோட்டார் மோகம் மகன் கோபாலுக்கும் ஒட்டிக்கிச்சு. 2015-ல் அவிநாசி ரோட்டில் திறந்த ஜீடி கார் மியூசியத்துல, பழைய கார்களெல்லாம் பளபளன்னு நிக்குது. அந்த ரோட்டு மேம்பாலத்துல (அதுக்கும் நாயுடு பேர்தான்!) பறக்காம, ஒரு நாள் கீழ் ரோட்டுல போய்ப் பாருங்க பாஸ்.