கீச்... கீச்... யார் அங்கே?

குழந்தைகளே, உங்கள் வீட்டுக் கதவு 'கீ...ச்' என்று கத்தினால் என்ன செய்வீர்கள்? கீலில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவீர்கள். சத்தம் நின்றுவிடும்.

ஒரு லாரி அப்படிக் கத்தினால்? அத்தனை உறுப்புகள் உள்ள வண்டியில் எண்ணெயை எங்கே விடுவது? கத்துவது யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே! அப்படி ஒரு துப்பறியும் வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று ஆளைப் பிடிக்க உதவியது எது தெரியுமா? என் கைப்பையில் கிடந்த சாக்பீஸ்!

2007-ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். ஈரோடு மாவட்டத்தில் சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலை இருக்கிறது. கடம்பூரையும் தாண்டிக் காட்டு வழியில் போனால் மாக்கம்பாளையம் என்ற ஊர் வரும். நடுவே குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள். அங்கெல்லாம் 'பள்ளம்' என்றால் ஓடை. நல்ல மழை பெய்தால் இரண்டிலும் வெள்ளம் வந்துவிடும். அப்போதெல்லாம் பஸ் நின்றுவிடும். ஊர் தனியாகிவிடும்.

நான் அப்போது அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வெள்ளிக்கிழமை இரவு பெய்த மழையில் பஸ் வரவில்லை. சனிக்கிழமை காலை வெள்ளம் வடிந்ததும், என்னிடம் படித்த பையன் ஒருவன் தன் சின்ன லாரியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். பையன் என்ன பையன், அப்போதே அவனுக்கு இரண்டு குழந்தைகள்! "ஏறிக்கோங்க டீச்சர், சத்தியில இறக்கி விட்டுர்றேன்" என்றான். ஏறிக்கொண்டேன்.

முதல் பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டினோம். இரண்டாவதில் பாதிச் சக்கரம் வரை தண்ணீர். நடு ஓடையில் ஒரு பாறாங்கல் தடுத்தது. வண்டி முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ஐந்து நிமிடம் தண்ணீருக்குள்ளேயே நின்று உறுமி, ஒருவழியாகக் கரையேறியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கடம்பூர் தார்ச்சாலைக்கு வந்ததும்தான் கேட்டது அந்தச் சத்தம்.

கீச்... கீச்... கீச்... கீச்...

வண்டி வேகமாகப் போனால் சத்தமும் வேகம். மெதுவாகப் போனால் மெதுவு. ஏதோ ஒரு குருவி வண்டிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு கூடவே வருவதுபோல இருந்தது. பையன் முகம் சுருங்கிவிட்டது. ஏனென்றால் கடம்பூரிலிருந்து கீழே இறங்குவது மலைச்சாலை. வளைவுக்கு மேல் வளைவு. முதுகில் மூன்று டன் கிழங்கு. கத்துவது பிரேக்காக இருந்துவிட்டால்?

கடம்பூரில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். பட்டறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு புளியமரம், ஒரு தகரப் பெட்டி, ஒரு கிரீஸ் கன், அவ்வளவுதான்! அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. டாக்டர் மாதிரி கேள்விதான் கேட்டார்.

"சத்தம் எப்ப வருது, எப்ப வரலைன்னு சொல்லு கண்ணு. அது போதும்."

"பள்ளம் தாண்டுனதுல இருந்துங்க. வண்டி நகந்தா கத்துது, நின்னா நின்னுக்குதுங்க."

"தண்ணிக்குள்ள நின்னியா?"

"ஒரு அஞ்சு நிமிசம் கல்லுல மாட்டிக்கிச்சுங்க."

"ம்" என்றார் பெரியவர். பிறகு சோதனைகள் ஆரம்பமாயின.

வண்டியை நிறுத்தி வைத்தே ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். இன்ஜின் உறுமியது. கீச் இல்லை. அப்படியானால் ஃபேன் பெல்ட் குற்றவாளி இல்லை. நனைந்த பெல்ட்டும் கத்தும்தான். ஆனால் அது இன்ஜின் வேகத்துக்குத் தகுந்தாற்போலக் கத்தும். வண்டி நின்றிருந்தாலும் கத்தும்.

அடுத்து வில் பட்டைகள். லாரியின் பாரத்தைத் தாங்க, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அவற்றின் நடுவே மண் புகுந்தால் உராய்ந்து கீச்சிடும். ஆனால் அவை மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதுதான் சத்தம் போடும். இதுவோ வழவழப்பான தார்ச்சாலையிலும் தாளம் தப்பாமல் கத்தியது. பட்டையும் இல்லை!

பிறகு சமமான இடத்தில் வண்டியை ஓட்டி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருள விடச் சொன்னார். கீச்... கீச்... சத்தம் தொடர்ந்தது. உருளும்போதே பிரேக்கை லேசாகத் தொடச் சொன்னார். சத்தத்தில் மாற்றமே இல்லை. பிரேக் டிரம்முக்குள் கல்லோ மணலோ மாட்டியிருந்தால், பிரேக்கைத் தொட்டதும் பெரும்பாலும் சத்தம் மாறும் அல்லது நிற்கும்.

"பிரேக் இல்ல போலிருக்கு. இருந்தாலும் எண்ணிப் பாத்துரலாம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, சாக்பீஸ் வச்சிருக்கீங்களா?"

ஆசிரியையின் பையில் சாக்பீஸ் இல்லாமல் இருக்குமா? கொடுத்தேன்.

பின் டயரின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு கோடு போட்டார். பையன் முதல் கியரில், நாம் நடக்கும் வேகத்தில் வண்டியை ஓட்டினான். நாங்கள் இருவரும் சற்றுத் தள்ளிக் கூடவே நடந்தோம். கோடு கீழே போய் மறுபடி கீழே வந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றியதாகக் கணக்கு. அதற்குள் எத்தனை கீச்?

சக்கரத்தில் ஏதாவது உரசினால் பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு கீச்தான் வரும். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து! சந்தேகத்துக்குப் பத்துச் சுற்றும் எண்ணினேன். மொத்தம் 51 கீச்!

பெரியவர் சிரித்தார். "சக்கரம் ஒண்ணு சுத்துறதுக்குள்ள அஞ்சு சுத்து சுத்துற சாமான் இந்த வண்டியில ஒண்ணுதான். ஷாஃப்ட்!"

இது என்ன கணக்கு என்கிறீர்களா? இன்ஜின் முன்னால் இருக்கிறது. அதன் சக்தி பின் சக்கரங்களுக்குப் போக வேண்டும். அதற்காக வண்டிக்கு அடியில் நீளமாக ஓர் உருளைத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் கடைசியில், பின் அச்சுக்குள், பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் கோத்துக்கொண்டிருக்கும். அந்த லாரியில் பினியனுக்கு 8 பற்கள், கிரவுனுக்கு 41 பற்கள். 41-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 5.125 வருகிறதா? அதாவது சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் 51 சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். என் எண்ணிக்கை சரியாக இருந்தது! (சில வண்டிகளில் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைகூடக் கத்தும். அப்போதும் சுற்றுக்கு ஒரு கீச் என்ற சக்கரக் கணக்கு வராது.)

ஷாஃப்ட்டில் எது கத்தும்? மேடு பள்ளத்தில் பின் அச்சு மேலும் கீழும் ஆடும். கியர் பாக்ஸ் அப்படி ஆடாது. ஆகவே நடுவில் இருக்கும் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே வளைந்தும் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் அதன் முனைகளில் 'யுனிவர்சல் ஜாயிண்ட்' என்ற மூட்டு இருக்கிறது. மெக்கானிக்குகள் சுருக்கமாகக் 'கிராஸ்' என்பார்கள். கூட்டல் குறி மாதிரி ஓர் எஃகுத் துண்டு. நான்கு முனைகளிலும் மூடி போல நான்கு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கிரீஸில் மிதந்தபடி இருக்கும்.

இந்த மூட்டுக்கு 'ஹூக் மூட்டு' என்றும் பெயர் உண்டு. ராபர்ட் ஹூக்! எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதா? தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து, 1665-இல் 'செல்' என்று பெயர் வைத்தாரே, அவரேதான்.

இப்போது ஓடையில் என்ன நடந்தது என்று புரிகிறதா? ஐந்து நிமிடம் தண்ணீருக்குள் நின்றபோது, தேய்ந்திருந்த ரப்பர் மூடி வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கிரீஸ் கெட்டுவிட்டது. எஃகும் எஃகும் நேராக உரசின. உலர்ந்த இரண்டு பரப்புகள் உரசும்போது வழுக்கிக்கொண்டு போகாது. ஒட்டும், விடும், ஒட்டும், விடும். ஒரு நொடியில் பல நூறு தடவை இப்படி நடந்தால் அந்த அதிர்வே நம் காதில் கீச்சென்று கேட்கும். கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும் இதனால்தான். வயலினில் வில் இசை எழுப்புவதும் இதனால்தான்!

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுப் பெரியவர் அடியில் படுத்தார். (ஓடுகிற வண்டிக்குப் பக்கத்திலும், நிற்கிற வண்டிக்கு அடியிலும் நீங்கள் போகவே கூடாது, சரியா?) பின்பக்கக் கிராஸில் ஒரு கிண்ணத்தைச் சுற்றிச் செங்கல் பொடி போலத் துரு படிந்திருந்தது. கிரீஸ் கன்னை வைத்து அடித்தார். மூன்று கிண்ணங்களின் ஓரத்தில் பழுப்புத் தண்ணீரும் பழைய கிரீஸும் பிதுங்கி வந்தன. நான்காவதில் ஒன்றும் வரவில்லை.

வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். என்ன ஆச்சரியம்! சத்தமே இல்லை!

பையனுக்கு ஒரே மகிழ்ச்சி. "அப்ப நான் கிளம்பறேனுங்க" என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் மகிழ்ச்சிதான். மாலைக்குள் வீட்டுக்குப் போய்விடலாமே!

பெரியவர் மட்டும் மறுபடி அடியில் போய், ஷாஃப்ட்டை இரு கைகளாலும் பிடித்துத் திருகிப் பார்த்தார். 'கிளிக்' என்று ஆடியது.

"போகாதே. கிராஸை மாத்தோணும்" என்றார்.

"சத்தந்தான் நின்னு போச்சுங்களே! மெதுவா இறக்கிக்கிறேனுங்க. கிழங்கு கெட்டுப் போயிருமுங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுப்புக் கோடுகள் ஓட ஆரம்பிக்கும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் அளந்துதான் விலை போடுவார்கள். தாமதம் என்றால் நஷ்டம்.

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அழுத புள்ளை வாயில முட்டாயைப் போட்டிருக்கேன் கண்ணு. வயித்துவலி போயிருச்சுன்னா நெனக்கிறே?"

பையன் பதில் சொல்லவில்லை.

கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் கழன்று தொங்கும். சுழலும் வேகத்தில் அக்கம்பக்கத்தில் அடிக்கும். பிரேக் குழாயையே அறுத்துவிடவும் கூடும். மலை இறக்கத்தில் கியரில் போட்டு இறங்கும்போது இன்ஜினும் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுகிறது. ஷாஃப்ட் போனால் அந்தப் பிடியும் போய்விடும். மூன்று டன் பாரம் தள்ள, பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டும்.

வெகுநேரம் கிழங்கையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாவியைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, என்னோடு சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏறினான்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தவன் மீதியைச் சொன்னான். சாயங்காலம் புதுக் கிராஸோடு திரும்பி, இரவு விளக்கு வெளிச்சத்தில் மாட்டி, மறுநாள் காலையில்தான் மலை இறங்கினானாம். ஆலையில் விலையைக் குறைத்துத்தான் போட்டார்களாம். சொல்லும்போது அவன் முகத்தில் அந்த வருத்தம் இருந்தது. பிறகு காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தான். பழைய கிராஸ்!

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நிற்க, கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். மூன்றில் ஊசி உருளைகள் வரிசையாக இருந்தன. நான்காவதில் முழுதாக இருந்தவை மூன்றே மூன்று. மற்றவை நொறுங்கித் துருப்பொடியாகக் கொட்டின. பையன் அந்தப் பொடியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"டீச்சர், மூணு கிண்ணத்துக்குப் போன கிரீஸ் இதுக்கு மட்டும் ஏன் போகல?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கிராஸுக்குள் நான்கு பக்கமும் கிரீஸ் போக மெல்லிய துளை இருக்கிறது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை எடுத்து அந்த நான்காவது துளைக்குள் விட்டாள். குச்சி பாதியில் நின்றது. திருகி இழுத்தாள். நுனியில் இறுகிய களிமண் ஒட்டிக்கொண்டு வந்தது.