மரமின்றி எழும் மண்கூரை

நாட்டுப்புறத்தில் புதிதாக ஒரு கட்டிடம் எழுப்புகிறவர், அது அந்தப் பிரதேசத்தின் சுபாவத்துக்கு இசைந்து விளங்க வேண்டுமென்று விரும்புவாராயின், பழைய வீடுகளின் தோற்றத்தைப் பிரதி செய்வதோடு நில்லாமல், அவ்வூர் மண்ணையும் வெயிலையும் கைத்தொழிலையும் ஆராய்ந்தறிதல் அவசியம். எகிப்து தேசத்து ஹஸன் ஃபாத்தி (1900–1989) என்னும் கட்டிடக் கலைஞர் இந்த வழியில்தான் தென் எகிப்தின் நூபிய மக்களுடைய வளைகூரையைக் கண்டடைந்தார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் இரும்பும் மரமும் அரிதாகிவிடவே, நைல் நதி கொணர்ந்த மண்ணை வைக்கோலுடன் பிசைந்து வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லைக் கொண்டே வீடு கட்ட அவர் முனைந்தார். சுவர் எழும்பிற்று, கூரைதான் சங்கடமாயிற்று. மண், பாரம் அமுக்கினால் தாங்கும்; இழுத்தால் விண்டுவிடும். வளைத்துக் கட்டலாமென்றால், முடியும்வரை கீழே முட்டுக் கொடுக்க மரச்சட்டம் வேண்டும். முட்டில்லாமல் கட்டிப் பார்த்த கூரைகள் இடிந்து விழுந்தன. 1941இல் அஸ்வான் பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்றபோதுதான், நூபியக் கொத்தனார்கள் மரமே இன்றி வளைகூரையைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவருவதை அறிந்தார்.

அவர்கள் அறையின் பின்சுவரை உயர்த்தி, அதன்மேல் சேறு அப்பி, கண்ணளவாகவே ஒரு வளைவை வாய்ச்சியால் செதுக்கிக்கொள்கிறார்கள். முதல் வரிசைக் கற்கள் அந்தச் சுவர்மேல் சாய்கின்றன. அடுத்த வரிசை முதல் வரிசைமேல் சாய்கிறது. கூரைக் கல் மெல்லியது. வைக்கோல் மிகுந்திருப்பதால் லேசானது. அதன் முகத்தில் விரலால் கீறிய இரண்டு பள்ளங்கள் ஈரச்சேற்றைக் கவ்விக்கொள்வதால் நழுவுவதில்லை. வளைவின் வடிவமோ, இரு முனையும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியைத் தலைகீழாக்கினாற்போன்றது. ஆதலால் பாரம் முழுவதும் அமுக்கமாகவே கீழிறங்குகிறது. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் ஆலயத்தருகே இம்முறையில் எழுந்த மண் களஞ்சியங்களின் வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

இந்தக் கலையைக் கொண்டு லக்சருக்கு எதிர்க்கரையில் புது குர்னா என்னும் கிராமத்தை 1940களில் ஃபாத்தி நிர்மாணித்தார். ஆனால் பண்டைக் கல்லறைகளிடையே குடியிருந்து, அவற்றையொட்டியே ஜீவனம் நடத்திவந்த மக்களோ, அரசாங்கம் விதித்த இடமாற்றத்துக்கு இணங்கவில்லை. வேலை பாதியில் நின்றது. மண்ணுக்குப் பொருந்திய வீடு, குடியிருப்போர் மனத்துக்கும் பொருந்தினாலன்றி ஊராவதில்லை. ஆகவே கிராமத்தில் கட்ட விழைவோர், வரைபடம் தீட்டுமுன் அவ்வூர்க் கொத்தனாரிடம் பாடம் கேட்பார்களாக. அதற்கும் முன்னதாக, அங்கே வாழப்போகிறவர்களின் சம்மதத்தைக் கேட்பார்களாக.