போக்குவரத்துப் பணிப்பகிஷ்கரிப்பும் மலையகப் பயணிகளும்: உரிமைகள், ஆபத்துகள், பரிகாரங்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் பொதுப் போக்குவரத்து என்பது கொழும்பிலிருந்து பதுளை வரை செல்லும் மலையக ரயில் பாதை, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ்கள், அனுமதிப்பத்திரம் பெற்ற தனியார் பஸ்கள் ஆகிய மூன்றை மட்டுமே நம்பி நிற்கிறது. இவற்றில் ஒன்று தொழிற்சங்க நடவடிக்கையால் நின்றுவிட்டால் தலைநகரத்துப் பயணி இன்னொன்றை நாடிக்கொள்ள முடியும்; ஆனால் பொகவந்தலாவை, சாமிமலை, மஸ்கெலியா போன்ற பகுதிகளில் பிரதான வீதியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் தோட்டப் பிரிவுகளுக்கு, காலையில் வரும் பஸ் நின்றால் அன்றைய பயணமே நின்றுவிடுகிறது. பணிப்பகிஷ்கரிப்பு தொழிலாளரின் உரிமை என்பதிலும், பாதுகாப்பாகப் பயணிப்பது மக்களின் தேவை என்பதிலும் ஐயத்துக்கு இடமில்லை. இரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக்காமல் காப்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது, பயணி எதைக் கேட்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றைத் தோட்ட மக்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

சேவை எவ்வாறு நிற்கிறது

தொழிற்சங்க நடவடிக்கைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. பணிக்கு முற்றாகச் சமுகமளிக்காதிருப்பது முழுமையான பணிப்பகிஷ்கரிப்பு. ஓரிரு நாளுடன் முடிவது அடையாள வேலைநிறுத்தம். அனைவரும் ஒரே நாளில் சுகயீன விடுமுறை எடுப்பது சுகயீன விடுமுறைப் போராட்டம். விதிகளில் எழுதப்பட்டதற்கு மேல் எதையும் செய்யாமல் மேலதிக நேரப் பணியையும் மறுப்பது சட்டப்படி வேலை செய்யும் போராட்டம். கடைசி வகையில் ரயில்கள் ஓடினாலும் தாமதமும் இரத்தும் மிகுந்துவிடுவதால், சேவை நடப்பதாக நம்பி நிலையத்துக்கு வரும் பயணியே கூடுதலாக அல்லலுறுகிறார்.

எந்தப் பிரிவினர் பணியை நிறுத்துகிறார்கள் என்பதும் முக்கியமானது. ரம்புக்கனைக்கு அப்பால் மலையகப் பாதை ஒற்றைத் தண்டவாளமாகச் செல்வதால், எதிரெதிரே வரும் இரு ரயில்கள் ஒரே பகுதிக்குள் நுழையாதிருக்க, 'டெப்லட்' எனப்படும் உலோக வில்லையைச் சாரதியிடம் ஒப்படைக்கும் முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. அடுத்த நிலையத்தின் அதிபர் இணங்கிய பின்னரே இந்த நிலையத்தின் கருவியிலிருந்து வில்லையை எடுக்க முடியும். அதைக் கையில் பெறாத சாரதி ரயிலை நகர்த்தக் கூடாது. ஆதலால் சாரதிகள் பணிக்கு வந்திருந்தாலும் நிலைய அதிபர்கள் விலகியிருந்தால் கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில்கூட ரயில் ஓட்டுவது அரிதாகிறது. நடவடிக்கையில் இறங்கியிருப்போர் சாரதிகளா, காவலர்களா, நிலைய அதிபர்களா என்பதை அறிந்தால், சில ரயில்களாவது ஓடுமா அல்லது பாதையே முடங்குமா என்பதைப் பயணி ஓரளவு ஊகிக்கலாம்.

2018 ஆகஸ்ட் 8ஆம் திகதி ரயில் தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையை முன்வைத்துத் திடீரெனப் பணியிலிருந்து விலகியபோது, வேலை முடிந்து திரும்பிய பயணிகள் நிலையங்களில் தேங்கினர். உயர்தரப் பரீட்சை அந்நாட்களிலேயே நடந்துகொண்டிருந்தது. 2019 செப்டெம்பர் இறுதியில் தொடங்கிய ரயில் பணிப்பகிஷ்கரிப்பு ஒக்டோபர் வரை நீண்டது. 2025 ஆகஸ்ட் இறுதியில், தனியார் பஸ்களுடன் இணைந்த நேரசூசிக்கு எதிர்ப்புத் தெரிவித்து இலங்கைப் போக்குவரத்துச் சபையின் தொழிற்சங்கங்கள் பணியை நிறுத்தின. இச்சபையின் முன்னோடி அமைப்பு 1958இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டபோது உருவானது. இலாபம் குறைந்த தோட்டப் பாதைகளிலும் பஸ் ஓட்டும் கடமை இன்றும் பெரும்பாலும் சபையின் மீதே இருப்பதால், டிப்போ மூடப்படும் நாளில் தனியார் பஸ்கள் பிரதான வீதிகளில் ஓடினாலும் உட்பிரிவுகளின் வெற்றிடம் நிரம்புவதில்லை.

யாருக்கு இழப்பு அதிகம்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரப் பாடசாலைகளுக்கு 'சிசு செரிய' பாடசாலை பஸ்ஸிலோ பருவகாலச் சீட்டிலோ செல்லும் மாணவர்கள், டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் கிளினிக் கொப்பியுடன் செல்லும் நோயாளர்கள், நகரக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் நாட்கூலிக்கு உழைக்கும் இளைஞர்கள் ஆகியோரே இழப்பை முதலில் சுமக்கின்றனர். தோட்டத்துக்குள்ளேயே கொழுந்து பறிப்பவர் மலைக்கு நடந்தே செல்வதால் அவருக்குப் பாதிப்பில்லை எனத் தோன்றலாம். ஆனால் பஸ் இல்லாத நாளில் பிள்ளையையோ கர்ப்பிணியையோ நடந்தும் வாடகை வாகனத்திலும் அழைத்துச் செல்ல வீட்டில் ஒருவர் வேலையை விட நேர்கிறது. அன்றைய வேலைக்குப் பதியப்படும் வரவான 'பேர்' அவருக்கு இல்லாமற்போவதுடன், வாடகைச் செலவும் சேர்ந்துகொள்கிறது.

தொழிலாளரின் உரிமையும் அதன் எல்லையும்

தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் பிரசைகளுக்குள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை உறுதிப்படுத்துகிறது. சங்கம் சேரும் சுதந்திரம் பற்றிய சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 87ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்டது. எனினும் இவ்வுரிமை வரையறையற்றதன்று. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி, அத்தியாவசியத் தொழில் என அமைச்சரால் பிரகடனப்படுத்தப்பட்ட துறையில் வேலைநிறுத்தம் தொடங்க 21 நாட்களுக்கு முன் எழுத்துமூல அறிவித்தல் வேண்டும். ஆனால் அரசே வேலைகொள்வோனாக உள்ள இடங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதால், திணைக்களமாக இயங்கும் ரயில்வேயில் அந்தப் பாதுகாப்பு பயணிக்குக் கிடைப்பதில்லை.

அரசாங்கங்கள் அடிக்கடி கையிலெடுப்பது 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டமாகும். ஜனாதிபதி வர்த்தமானி மூலம் ஒரு சேவையை அத்தியாவசியமானதாக அறிவித்த பின் பணிக்கு வர மறுப்பதும், வருவோரைத் தடுப்பதும், வராதிருக்குமாறு தூண்டுவதும் குற்றமாகின்றன. நீதவான் முன் நிரூபிக்கப்பட்டால் 2 முதல் 5 ஆண்டு வரையிலான கடூழியச் சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தடுத்தலும் தூண்டுதலும் ஊழியர் அல்லாதவரையும் குற்றவாளியாக்கக்கூடியவை என்பதால், ஆதரவாகவோ எதிராகவோ பஸ்ஸை வழிமறிக்கும் செயலில் இளைஞர்கள் ஈடுபடாதிருப்பது நல்லது. இச்சட்டம் அரச திணைக்களம், கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி மன்றம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் சேவைகளுக்கானது. தனியார் பஸ் உரிமையாளர்கள் சேவையை நிறுத்தும்போது இது பயன்படாது.

கடுமையான சட்டத்தால் மட்டும் பயணியின் துயர் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு 1980 ஜூலை பொது வேலைநிறுத்தம் சான்று. அப்போது 40,000இற்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தனர், அவர்களின் குடும்பங்கள் பல்லாண்டு துன்புற்றன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தக் காலத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் உயிரிழந்த வரலாற்றைச் சுமந்திருக்கும் மலையக மக்கள், இன்னொரு தொழிலாளியின் உரிமையைப் பறித்துத் தமது பயணத்தைப் பெற வேண்டும் எனக் கேட்பது பொருந்தாது.

ஆபத்துகள்

சேவை குறையும் நாளில் எஞ்சிய பஸ்ஸிலும் ரயிலிலும் நெரிசல் கட்டுமீறுகிறது. 2023 செப்டெம்பரில் ரயில் சாரதிகளின் பணிப்பகிஷ்கரிப்புக் காலத்தில், ஓடிய ரயில் ஒன்றின் கூரையில் பயணித்த இளைஞர் ஒருவர் ஹொரப்பே பகுதியில் விழுந்து உயிரிழந்தார். பணிப்பகிஷ்கரிப்பு ஏதுமற்ற நாளில்கூட மலைப்பாதை நெரிசலை மன்னிப்பதில்லை: 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில், அளவுக்கு மீறிய பயணிகளுடன் வந்த பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிதிபலகையில் தொங்கிச் செல்வதைவிட அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், பயணத்தை மறுநாளுக்கு ஒத்திவைப்பதும் நட்டமல்ல.

பயணிகளை ஏற்ற அனுமதியற்ற வேன், லொறி ஆகியவற்றில் கட்டணம் கொடுத்துச் செல்வதில் வேறோர் ஆபத்து உண்டு. மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானதாயினும், வாகனம் அதன் அனுமதிக்கு மாறான தேவைக்குப் பயன்பட்டிருந்தால், விபத்தின் பின் இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலில் முடியலாம். பிள்ளைகளைக் கூட்டாக அனுப்பும் பெற்றோர், வாகனத்தின் இலக்கத்தையும் சாரதியின் பெயரையும் குறித்துக்கொள்வதும் பெரியவர் ஒருவரை உடன் அனுப்புவதும் குறைந்தபட்ச முன்னெச்சரிக்கைகளாகும்.

பயணி கோரக்கூடியவை

முன்பதிவு செய்த ரயில் இரத்துச் செய்யப்பட்டால் பயணச்சீட்டைக் கைவிடாமல் நிலையத்தில் காட்டிக் கட்டணத்தை மீளக் கோரலாம். ரயில் பணிப்பகிஷ்கரிப்பு நாட்களில் ரயில் பருவகாலச் சீட்டுடன் இ.போ.ச. பஸ்ஸில் செல்ல அனுமதிக்கப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு என்பதால், அத்தகைய அறிவித்தல் வந்துள்ளதா என டிப்போவில் விசாரித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் செல்ல முடியாமல் இழந்த கூலியை ரயில்வேயிடமோ சபையிடமோ பெற்றுக்கொள்ள எளிய வழி சட்டத்தில் இல்லை. ஆயினும் கடை, அலுவலகப் பணியாளருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, ஓராண்டு சேவைக்குப் பின் ஆண்டுக்கு 7 நாள் அமய விடுமுறையும் 14 நாள் வருடாந்த விடுமுறையும் உண்டு. நியாயமான காரணத்துக்கான அமய விடுமுறையை இத்தகைய நாளில் கோரலாம். காலையிலேயே தொழில்தருநருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி அதைச் சான்றாக வைத்திருப்பது, சம்பள வெட்டோ ஒழுக்காற்று நடவடிக்கையோ வரும்போது உதவும்.

கிளினிக் நாள் தவறும் என்று தெரிந்தால் வைத்தியசாலைக்கு அறிவித்து வேறு நாள் கேட்கலாம். நாட்பட்ட நோயுடையோர் மருந்து தீருமுன்பே அடுத்த கட்டத்துக்குரியதைப் பெற்றுக்கொள்வது நல்லது. உயிராபத்தான வேளையில் 1990 இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். பரீட்சை எழுதும் மாணவர் முதல் நாளே அதிபருக்கு அறிவித்து, தேவையெனில் பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இலக்கத்தைத் தொடர்புகொள்ள வேண்டும்.

முறையிடும் வழி

நெருக்கடியைப் பயன்படுத்தி நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் அறவிடுவதும் பற்றுச்சீட்டு வழங்க மறுப்பதும் தவறாகும். மாகாணங்களுக்கிடையில் ஓடும் தனியார் பஸ் பற்றி 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கும், இ.போ.ச. பஸ் பற்றி 1958 இலக்கத்துக்கும், மத்திய மாகாணத்துக்குள் மட்டும் ஓடும் தனியார் பஸ் பற்றி மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கும் முறையிடலாம். பஸ்ஸின் இலக்கம், பாதை இலக்கம், ஏறிய இடம், நேரம், செலுத்திய தொகை ஆகிய ஐந்தும் இருந்தால் முறைப்பாடு வலுப்பெறும்.

அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருப்பது தோட்டப் பகுதிகளில் தனியொரு குறையாகும். தமிழ் அரச கரும மொழி என்பதுடன், நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. ஆகவே ஹட்டன் நிலையத்திலும் டிப்போவிலும் சேவை நிறுத்தம், மாற்றுச் சேவை பற்றிய அறிவித்தல் தமிழிலும் இருக்க வேண்டும் எனக் கோரி 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக, பணிப்பகிஷ்கரிப்பு நாட்களில் எத்தனை மாற்றுச் சேவைகள் இயக்கப்பட்டன, எந்தத் தோட்டப் பாதைகள் கைவிடப்பட்டன என்பதை டிப்போவின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். வழங்குவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.

கூட்டாகக் கேட்க வேண்டியது

தனிப்பட்ட முறைப்பாடு ஒரு நாளின் குறையைத் தீர்க்கலாம். அடுத்த முறை அதே பாதிப்பு நேராதிருக்கக் கூட்டுக் கோரிக்கை தேவை. உயிர், உடல்நலம், ஆட்பாதுகாப்பு ஆகியவற்றைப் பாதிக்கும் சேவைகளையே சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் மேற்பார்வை அமைப்புகள் இறுக்கமான பொருளில் அத்தியாவசியம் என்கின்றன. போக்குவரத்தைப் பொதுவாக அதில் சேர்ப்பதில்லை, ஆனால் குறைந்தபட்சச் சேவையைத் தொழிலாளருடன் பேசி ஏற்படுத்தலாம் என ஏற்கின்றன. இத்தாலி 1990ஆம் ஆண்டின் 146ஆம் இலக்கச் சட்டத்தால், வேலைக்கும் பாடசாலைக்கும் செல்லும் நேரங்களில் ரயிலும் பஸ்ஸும் சுரங்க ரயிலும் ஓட வழி செய்தது. பிரான்ஸ் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால், பணியிலிருந்து விலகும் ஊழியர் 48 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்கவும், எந்தச் சேவை ஓடும் என்பதை 24 மணித்தியாலத்துக்கு முன் பயணிகள் அறியவும் ஏற்பாடு செய்தது. இரு நாடுகளிலும் வேலைநிறுத்த உரிமை ஒழிந்துவிடவில்லை.

இதே அடிப்படையில், காலையில் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் ஒரு பஸ்ஸும் மாலையில் திரும்ப ஒரு பஸ்ஸும் எந்தப் பணிப்பகிஷ்கரிப்பிலும் தோட்டப் பாதைகளில் நிற்காதென்று, டிப்போ முகாமையும் சாரதி, நடத்துனர் சங்கங்களும் முன்கூட்டியே எழுத்தில் உடன்படுமாறு தோட்டத் தொழிற்சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் கேட்க வேண்டும். இக்கோரிக்கையைப் பணிப்பகிஷ்கரிப்பு தொடங்கிய பின் முன்வைத்தால் அது ஒரு தரப்புக்கு எதிரானதாகத் தோன்றும். சேவை சீராக நடக்கும் நாட்களில் முன்வைத்தால் போக்குவரத்து, தோட்டம் ஆகிய இரு தரப்புத் தொழிலாளருக்கும் பொதுவான நியாயமாக நிற்கும்.