விடுபட்ட பாதிச் செம்பு

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோரிடம், மேசைமீது தண்ணீர்ச் செம்பு ஒன்றை வைத்து, கண்ணால் காண்பதை அப்படியே பென்சிலால் வரையுமாறு நாங்கள் கேட்பதுண்டு. ஓவியத் திறமையை அறிவதற்காக அன்று. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டோருள் சிலர், செம்பின் வலப்பாதியை விளிம்பு, வளைவு, நிழல் என ஒழுங்காக வரைவார்கள். இடப்பாதியை வெறுமையாக விட்டுவிட்டுப் படம் முடிந்தது என்பார்கள்.

இது கண்ணின் குறை அன்று, அக்கறையின்மையும் அன்று. இடப்புறக் கவனத்தை ஆளும் மூளைப்பகுதி பழுதுபட்டதால், அங்கிருப்பது உணர்வுக்கு எட்டுவதில்லை. இதனை ஒருபக்கப் புறக்கணிப்பு என்கிறோம். இலையின் இடப்பக்கச் சோற்றைத் தொடாமல் எழுவதும், கதவு நிலையில் இடத்தோள் மோதுவதும் இதன் அடையாளங்களே. வேண்டுமென்றே செய்கிறார் என வீட்டார் வருந்த வேண்டியதில்லை.

தேர்ந்த ஓவியரையும் இக்குறை விடுவதில்லை. ஜெர்மானிய ஓவியர் அன்டோன் ரேடர்ஷைட் 1967இல் பக்கவாதத்துக்கு உள்ளானபின் தம் முகத்தையே தொடர்ந்து வரைந்தார். தொடக்கத்தில் பெரிதும் விடுபட்டிருந்த இடப்பாதி, மாதங்கள் செல்லச் செல்ல நிறைந்து வந்தது.

வீட்டிலும் இப்பயிற்சியைத் தொடரலாம். செம்பு, டம்ளர், குத்துவிளக்கு போன்று இருபக்கமும் ஒத்த பொருள் ஒன்றே போதும். விடுபட்ட பாதி எளிதில் புலப்படும். காகிதத்தின் இட ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு இட்டு, முதலில் அக்கோட்டைத் தேடிக் கண்டபின் வரையச் சொல்லுங்கள். அழுத்தாமலே கருமை தரும் 2பி பென்சில் ஏற்றது. விடுபட்ட பகுதியை நீங்கள் வரைந்து முடிக்காதீர்கள். பொருளின் விளிம்பை விரலால் சுற்றித் தடவச் செய்து, இடப்புறம் என்ன இருக்கிறதெனக் கேளுங்கள். களைப்புத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதியிட்டு, மறுபரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். முன்னேற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க அவை எங்களுக்கு உதவும்.

படம் வரைவது மட்டுமே சிகிச்சை ஆகாது. மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் தொடர வேண்டும். கவனம் முழுமையாகத் திரும்பும்வரை, கோச்சடை மேலக்கால் சாலை போன்ற போக்குவரத்து மிக்க சாலைகளை அவர்கள் தனியே கடக்க விடாதீர்கள். இடப்புறம் வரும் வண்டி அவர்கள் கவனத்தில் படாமற் போகலாம்.

வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால் படம் வரையச் சொல்லிச் சோதித்துக் கொண்டிராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.