அரை மில்லிமீட்டர்

சாலிகிராமத்தில் ஒரு மொட்டைமாடி அறை. முப்பது வருஷத்துக்கும் மேலாக சினிமா ரெக்கார்டிங்குகளில் கிடார் வாசித்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். முதல் நாள் ஸ்கேலும் இல்லை, கார்டும் இல்லை.

"மூணாவது கம்பி, ஏழாவது ஃப்ரெட். அமுக்கிப் பிடிச்சு மேலே தள்ளுங்க தம்பி. ச-வுல இருந்து பெரிய ரி-க்குப் போகணும்."

தள்ளினேன். சுருதி ஏறியது. அவர் முகம் மலரவில்லை.

கிடார்காரர்கள் இதை பெண்டிங் என்பார்கள். வீணையில் மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதே வேலைதான். கம்பியின் நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, மாறுவது இழுவிசை. சுருதி இருமடங்காக வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும் என்ற கணக்கை பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் 1636-லேயே எழுதி வைத்தார். நான் தொட வேண்டியிருந்த ரி, நொடிக்கு 294 அதிர்விலிருந்து 330-க்கு ஏற வேண்டும். அதிர்வு 12 சதவீதம் கூட, இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். அந்தக் கம்பியில் ஏற்கெனவே ஏழரைக் கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட அளவுக்கு விறைப்பு உண்டு. அதன்மேல் இன்னும் இரண்டு கிலோ. இத்தனைக்கும் அந்த எஃகுக் கம்பி நீள்வது சுமார் அரை மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. விரல் நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்கிறது. கம்பியோ ஒரு மிளகின் பருமன்கூட நீளவில்லை. ஒரு முழு சுரம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அந்த அரை மில்லிமீட்டரை விரலால் அளக்க முடியாது. காதால் அளக்கலாம். இரண்டாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டிலும் அதே 330 இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் சொன்னார். 'வோங்... வோங்... வோங்' என்று ஒலி அலையடித்தது. என் சுரம் 326-ல் நின்றிருந்தால், நொடிக்கு நான்கு முறை இரண்டு அலைகளும் ஒன்றுகூடிப் பெருத்து, மறுகணம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வித்தியாசம் எவ்வளவோ, நொடிக்கு அத்தனை அலை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அலை நிதானமாயிற்று. இன்னும் ஒரு துளி. அலை அடங்கி, இரண்டு கம்பிகளும் ஒரே குரலாயின. அந்த நொடியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் எரிந்தது எனக்குத் தெரியவே இல்லை.

"நடுவிரலையும் பின்னாடி துணைக்கு வைங்க. ஒத்தை விரல் பத்து டேக்குக்குத் தாங்காது," என்றார்.

அடுத்த பாடம் வலது கைக்கு. அதுதான் ரெக்கார்டிங்கில் வாசிக்கிறவரைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கிறேன். எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், குரலைப் பிடிக்கும் மைக் போன்றதல்ல. ஆறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்ட விதிதான் இது. நைலான் கம்பி மாட்டினால் ஆம்ப் ஊமையாகிவிடும். ஆனால் ஆறு காந்தங்களுக்கும் சேர்த்து ஒரே சுருள். எந்தக் கம்பி வேண்டியது, எந்தக் கம்பி வேண்டாதது என்று அதற்குத் தெரியாது. ஆறும் கலந்து ஒரே ஒயரில் போய்விட்டால், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டால் இன்னும் ஆபத்து. 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாட்டுக்கு, நாஷ்வில்லின் ரெக்கார்டிங் கலைஞர் கிரேடி மார்ட்டின் வாசித்தபோது மிக்ஸரின் ஒரு சேனல் பழுதாகி, ஒலி கரகரத்து வந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கரகரப்பை வேண்டும்போது வரவழைக்கும் பெட்டியை ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி பிறகு உருவாக்கினார். அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்குவதுதான் அதன் வேலை. பெரிய ஒலி மேலே போக முடியாமல் முட்டி நிற்க, சின்ன ஒலிகள் அதன் உயரத்துக்கு ஏறி வந்துவிடுகின்றன. கை உரசினாலும் கேட்கும். அதனால் வாசிக்காத கம்பிகள் மேல் உள்ளங்கையின் ஓரம் எப்போதும் படிந்திருக்க வேண்டும். அவர் கையைப் பல நாள் உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒலிக்க வைப்பதைவிட ஒலிக்காமல் வைப்பதில்தான் அது அதிக நேரம் உழைத்தது.

மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம், "உள்ளங்கையை எடுத்துடுங்க. எதையும் தொடாதீங்க. அதே ரி," என்றார்.

தள்ளினேன். கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தேன். "இப்ப மூணாவது கம்பியை மட்டும் அமத்துங்க."

அமத்தினேன். ஆம்பிலிருந்து ஒலி நிற்கவில்லை. நான் தொடவே தொடாத ஆறாவது கம்பி, மெலிதாக அதே சுரத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு 82.4; அதை நான்கால் பெருக்கினால் 330. சுருதி சரியாகப் போய்ச் சேர்ந்ததால், தடித்த அந்தக் கம்பி தன்னை நான்கு சம துண்டுகளாக்கிக்கொண்டு எழுந்திருந்தது. மறுபடி, வேண்டுமென்றே சற்றுக் குறைத்துத் தள்ளிப் பார்த்தேன். மூன்றாவதை அமத்தியதும் அறை கப்பென்று அடங்கியது.

"இன்னொரு தடவை எழுப்புங்க," என்றார் சார். விளக்கைப் போடவும் மறந்து, இருட்டும் வரை எழுப்பிக்கொண்டே இருந்தோம்.