வயதைக் கேட்டு நிறை சொல்வது

கார்த்திகை மழையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் டெங்கு பெருகும்போது, சிறுவர் விடுதியில் முதலில் தேடப்படும் எண் பிள்ளையின் நிறை. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்துக் கட்டம் ஏறத்தாழ 48 மணித்தியாலம் நீளும். அதற்குள் கொடுக்கக்கூடிய திரவத்தை நிறையை வைத்தே கணிக்கிறார்கள். 16 கிலோ பிள்ளைக்கு 2100 மில்லிலீற்றர், 13 கிலோ பிள்ளைக்கு 1800. கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கி மூச்சு முட்டும். குறைந்தால் இரத்த அழுத்தம் விழும்.

தராசு இருக்கும்போது இதில் சிக்கல் இல்லை. ஆனால் இதயம் நின்ற பிள்ளையை யாரும் தராசில் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் அட்ரினலின் உடனே போக வேண்டும். அப்போது ஒரு பழைய கணக்கு கைகொடுக்கும்: வயதோடு 4ஐக் கூட்டி 2ஆல் பெருக்குவது. 4 வயதென்றால் 16 கிலோ. முதல் ஆண்டில் பிறப்பு நிறையைப்போல மூன்று மடங்காகும் பிள்ளை, அதன்பின் சில ஆண்டுகள் வருடத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ வீதம் ஏறுவதால்தான் இது பலிக்கிறது.

பலிப்பது சராசரிப் பிள்ளைக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபில் 4 வயது ஆண்பிள்ளை 12.7 கிலோவாக இருந்தாலும் 21 கிலோவாக இருந்தாலும் இயல்பான எல்லைக்குள்தான். பெரிய பிள்ளைகளிடம் கணக்கு இன்னும் தடுமாறும். பிரித்தானியப் பிள்ளைகளின் நிறை கூடியதால் அங்கே 6 வயதுக்கு மேல் 'வயதின் மும்மடங்கும் 7உம்' என்று மாற்றினார்கள். அதன்படி 8 வயதுக்கு 31 கிலோ. பழைய கணக்கில் 24. உலக சுகாதார நிறுவன அட்டவணையின் நடுமதிப்போ ஏறத்தாழ 25. எங்கள் பிள்ளைகளுக்குப் புதியதை அப்படியே எடுப்பது ஆபத்து என்றே எனக்குப் படுகிறது.

வயதை விட்டு நீளத்தை அளக்கும் புரோஸ்லோ நாடாவும் உண்டு. இந்தியப் பிள்ளைகளில் சோதித்தபோது, 10 கிலோவுக்கு மேற்பட்டவர்களின் நிறையை அது உள்ளதைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூட்டிக் காட்டியது.

இவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது, குடும்பநல உத்தியோகத்தர் நிறுத்துக் குறித்த கிளினிக் கொப்பி. ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்திலும் அதை எடுத்துப் போங்கள்.

நிறை பார்க்காமல் கொடுக்கும் மருந்து ஒன்றும் உண்டு: பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து. சின்னப் பிள்ளை என்று விரியன் விஷத்தைக் குறைத்துக் கொத்துவதில்லை. அதனால் பெரியவருக்குரிய அளவேதான் பிள்ளைக்கும். அந்த மருந்தே ஒவ்வாமல் போனால் போடும் அட்ரினலினுக்கு, மறுபடியும் நிறை தெரிய வேண்டும்.